குசினி விளக்கின் நிறம்

ஒரு வட்டப் பற்றரியின் இரு பக்கமும் சின்னக் குமிழின் கால்களைக் கவ்வவிட்டுப் பார்க்கிறார் கச்சு முகம்மது. எரியவில்லை.

"பழுதோ கச்சு நானா?" என்று பதறுகிறார் சிவனேஸ்வரி ரீச்சர்.

"இல்ல ரீச்சர். கோவிச்சுக்கொண்டு நிக்குது. திருப்பிப் பிடிச்சாச் சிரிக்கும்."

திருப்பிப் பிடிக்கிறார், சிரிக்கிறது.

தண்ணீரூற்று என்ற இந்த ஊரில் கரன்ட் இல்லை. பழைய கார் பற்றரியில் எரிய, எல்.ஈ.டி. குமிழ்களை வரிசையாக ஈயத்தால் பற்றவைத்து இவர் செய்து தரும் விளக்கில்தான் பாதி ஊர் இரவுச்சோறு தின்கிறது. விளக்கு வாங்கினால் கதை இலவசம். "குமிழுக்குள்ள கலியம் எண்ட உலோகத்தோட ஆசனிக்கும் பொசுபரசும் சேரவேணும். அப்பத்தான் சிவப்பு, மஞ்சள். நைதரசனைச் சேர்த்தா நீலம். தனிய நிண்டா ஒண்டும் எரியாது."

"ஆசனிக்கு நஞ்செல்லோ!" ரீச்சர் கையை இழுத்துக்கொள்கிறார்.

"கலியத்தைக் கட்டினாப் பிறகு அது நல்ல பிள்ளை."

இவர் கட்டிய சபூறா இருப்பது புத்தளத்தில். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது போன குடும்பம். சமாதானம் வந்த கையோடு இவர் மட்டும் திரும்பி, இடிந்த வீட்டுக்குக் கூரை போட்டார். இருட்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்று சபூறா சொன்னதால் குசினியில் வெள்ளை விளக்கும் பூட்டினார். சபூறா ஒருமுறை வந்தார். விளக்கின் கீழே கையை நீட்டிப் பார்த்தார்.

"என்ர கை மையத்துக் கை மாதிரி உயிரில்லாமக் கிடக்கு. இந்த வெளிச்சத்தில என்னெண்டு சமைக்கிறது?"

அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார்.

மனுசனுக்கு அது முள்ளாய்த் தைத்தது. வெள்ளைக் குமிழ் என்பது மஞ்சள் பூசிய நீலம்தான் என்று தெரிந்தவர். அந்த நீலத்தை அடக்க மஞ்சள் குமிழ் தேடி வவுனியாக் கடைகளை அலசினார். கூட்டியும் குறைத்தும் பார்த்து, ஒருவழியாகப் பழைய சிமினி விளக்கின் நிறத்தைக் கொண்டுவந்தார். அந்த நேரம் பார்த்துத் திரும்பச் சண்டை மூண்டு, வெளியூருக்கு இருந்த ஒரே வழியான ஓமந்தைப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆளில்லாத வீடு அவரைத் தின்கிறது; கடையில் அவர் இவ்வளவு கதைப்பதும் அதனால்தான்.

ரீச்சர் கேட்பதும் மஞ்சள் விளக்குத்தான்; இப்போது மஞ்சள் குமிழ் எங்கும் கிடையாது. "குசினியில கிடக்கிறதைக் கழட்டித் தாங்கோவன்" என்கிறார் ரீச்சர், பகிடியாக.

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு ஆள் இருக்கு ரீச்சர்."

பொழுதுபடக் கடையைச் சாத்திவிட்டுக் குசினிக்குப் போகிறார். விளக்கைப் போட்டு, அதன் கீழே தன் கையை நீட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் மாறி மாறிப் பார்க்கிறார். உயிருள்ள கைதான். சபூறா வரும் நாளுக்குப் பற்றரி மிச்சம் இருக்க வேண்டுமே என்று உடனே அணைத்துவிட்டு, இருட்டிலேயே சோற்றைப் பிசைகிறார்.