தங்கச்சியின் ஜீப்பும் அப்பாவின் முன் சீட்டும்

என் தங்கச்சி ஜீப் வாங்கிய செய்தியை எனக்குச் சொன்னது அவளில்லை, அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு, குவார்ட்டர்ஸ் கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"பாப்பா ஜீப் எடுத்திருக்காளாம் கண்ணு. இன்னிக்கு அதுலதான் வர்றாளாம்."

நான் கார் வாங்கிய அன்று அந்த முகத்தில் இந்த வெளிச்சம் இல்லை. அன்றைக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, "பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு பேக்டரி ஆபீஸில் கிளார்க். அம்மா போனபிறகு அப்பா என்னோடும் என் கணவரோடும்தான் இருந்தார். தங்கச்சி எனக்குப் பன்னிரண்டு வருஷம் இளையவள். கல்யாணமாகி சோலூரில் இருக்கிறாள். குத்தகை நிலத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறாள். அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை மலையேறி வந்து போவார். அதனால் மருந்து அடிப்பது, ஆள் பிடிப்பது, மூட்டை அனுப்புவது எல்லாம் அவள் தலையில். ஜீப் வாங்க அவளுக்குக் காரணம் இருந்தது. அதை நான் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

கீழே வளைவில் சத்தம் கேட்டது. வண்டி கண்ணில் படும் முன்பே அப்பா, "செகண்ட் கியர்ல ஏறுது" என்றார். பிறகு அது வந்து நின்றது. ஏதோ எஸ்டேட்டில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய டீசல் ஜீப். கித்தான் கூரையில் ஒட்டுப் போட்டிருந்தது. உள்ளிருந்து என் தங்கச்சி, சால்வையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு குதித்தாள்.

"அப்பா, ஏறுங்க. ஒரு ரவுண்டு போலாம்."

எழுபதைத் தாண்டிய மனுஷர் அவர். என் காரில் ஏற, ஒரு கை கதவிலும் ஒரு கை என் தோளிலும் வேண்டும். "இவ்வளவு பள்ளத்துல சீட்டை வெச்சிருக்கான்" என்று முனகிக்கொண்டே உட்காருவார். அன்றைக்குக் கம்பியைப் பிடித்து, படியில் கால் வைத்து, ஒரே எம்பில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். கியர் பக்கத்தில், நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவைக்கும் குட்டி லீவரைத் தொட்டுப் பார்த்தார். பழகின நாயின் தலையைத் தடவுகிற மாதிரி இருந்தது அது. இட்லி ஆறிப்போகும் என்று சத்தம் போட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி போய்விட்டது.

அப்பா கீழ் கோத்தகிரியில் எஸ்டேட் டிரைவராக இருந்தவர். மேனேஜருக்கு ஜீப் ஓட்டினார். மேனேஜர் லீவில் போனால் வண்டியை வொர்க்ஷாப்புக்கு எடுத்துப்போவார், என்னையும் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு. வெயில் நாளில் முன் கண்ணாடியை அப்படியே பானெட் மேல் மடக்கிப் போட்டுவிடலாம். காற்று முகத்தில் அறையும். தேயிலை வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வரும்.

ஜீப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. சண்டைக்காகப் பிறந்த வண்டி என்பார். உலகப் போரில் எந்தச் சேற்றிலும் எந்த மணலிலும் போவதற்காகச் செய்தது, அழகுக்கு என்று ஒரு தகடுகூடக் கிடையாது. போர் முடிந்ததும் பாகம் பாகமாகக் கப்பலில் பம்பாய்க்கு வந்தது. அங்கே பூட்டி விற்றார்கள். போலீஸ் வாங்கியது, பாரஸ்ட் வாங்கியது, எலெக்சனுக்கு மைக் கட்டிக்கொண்டு போனது, மலைக்கு ஏறி எஸ்டேட்டுக்கு வந்தது. பிறகு நம் நாட்டிலேயே முழுசாகச் செய்தார்கள், டீசல் என்ஜின் வைத்தார்கள், மூக்கை நீட்டினார்கள், வேறு வேறு பெயர் வைத்தார்கள். மலைக்காரர்களுக்கு எல்லாமே ஜீப்தான். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும், முழங்கால் நனையும், பாதம் மட்டும் என்ஜின் சூட்டில் வேகும். இவ்வளவு குறை சொல்லிவிட்டு, கடைசியில், "ஆனா ஊடு கொண்டாந்து சேத்துரும்" என்பார்.

பத்தாவது பரீட்சை எழுதின லீவில் நான் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். தேயிலை பேக்டரிக்குப் பின்னால் காலி இடம் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஸ்டியரிங்கு? போயிப் படி" என்றார்.

படித்தேன். வேலைக்கு வந்தேன். முப்பது வயதுக்கு மேல் குன்னூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, யாரோ ஒரு ஆளிடம் கிளட்ச்சும் பிரேக்கும் கற்றுக்கொண்டேன். அப்பா என் காரில் பின் சீட்டில்தான் உட்காருவார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மேலே கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் திரும்பி வந்தபோது இட்லி கல்லாகியிருந்தது. நான் தட்டை வைத்தபடி கேட்டேன்.

"எனக்கு மட்டும் வேண்டாம்னு சொன்னீங்க. அவ ஓட்டலாமாக்கும்?"

"அது அந்தக் காலம் கண்ணு" என்றார் சட்னியைத் தொட்டுக்கொண்டே. அவ்வளவுதான்.

அடுத்த மாதமே, "சித்தெ நாள் பாப்பா ஊட்டுல இருந்துட்டு வரேன்" என்று சோலூருக்குக் கிளம்பினார். மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டவர், வெந்நீர்ப் பையையும் எடுத்துக்கொண்டபோது எனக்குப் புரிந்துவிட்டது, இது சித்தெ நாள் இல்லை என்று.

தங்கச்சியின் போனிலிருந்து படங்கள் வர ஆரம்பித்தன. ஜீப் வைத்திருப்பவர்கள் ஒரு வாட்ஸாப் குரூப் வைத்திருக்கிறார்களாம், மாதம் ஒரு ஞாயிறு ஓரிடத்தில் கூடுவார்களாம். ஊட்டிப் பல் டாக்டர் ஒருவர், மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், காட்டேஜ் நடத்தும் கோயம்புத்தூர்த் தம்பதி, இப்படி. எல்லாருக்கும் நடுவில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ.

ஒருமுறை எமரால்டு அணைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூடினார்கள். நானும் போனேன். என் காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறினேன். மேலே போவதற்குள் செருப்பெல்லாம் சேறு. அங்கே ஒவ்வொருவரும் தன் வண்டிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர், ஒரு கண்ணாடி ரப்பருக்காக ஊர் ஊராக அலைந்ததைச் சொன்னார். காட்டேஜ்காரரின் மனைவி, தங்கள் புது வண்டியில் பெரிய திரை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, ஆனால் கணவர் அதைச் சேற்றில் இறக்க மனசே வராமல் துடைத்துக்கொண்டே இருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். அப்பா, மேனேஜரின் ஜீப் யானைக்கு முன்னால் நின்றுபோன கதையை எடுத்தார். அது நான் நூறு தடவை கேட்ட கதை. ஆனால் அங்கே சொன்னபோது யானை இன்னும் பெரிதாகியிருந்தது.

பிறகு வண்டிகள் மேட்டில் ஏறின. என் தங்கச்சி அந்தச் செங்குத்துப் பாதையில் நிற்காமல் ஏறினாள். பக்கத்தில் அப்பா, கைப்பிடி எதையும் பிடிக்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். மிலிட்டரிக்காரர், "அப்பனுக்கேத்த பொண்ணு" என்றார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க? டூரிஸ்டுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"அவரோட மூத்த பொண்ணுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம், நாமும் ஜீப் வாங்கலாம் என்றேன். புதுசு, இந்தப் பழைய இரும்பு இல்லை. அவர் செய்தித்தாளை மடக்கி வைத்தார். "ஏம்மா, உனக்கு எந்தக் காட்டுக்குப் போகணும்? ஆபீஸ் நடந்து போற தூரம்." நான் முறைத்ததைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சோலூரிலிருந்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் ஷோரூமுக்குப் போனோம். பளபளவென்று சிவப்பு வண்டி. விற்கும் பையன் சாவியைக் கொடுத்து, "மேடம், மலைக்குன்னே செஞ்ச வண்டிங்க" என்றான். அப்பாவை முன்னால் உட்கார வைத்து நானே ஓட்டினேன். உயரமாக, அகலமாக, ராணி மாதிரி இருந்தது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கீழே கையால் துழாவினார்.

"குட்டி லீவர் எங்க?"

"இதுல பட்டனுங்கய்யா" என்றான் பையன் பின்னாலிருந்து.

"ஓ" என்றார் அப்பா. ஏசி குளிரில் பைபாஸ் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வண்டி எங்கள் குவார்ட்டர்ஸ் சந்தில் திரும்பாது என்று என் கணவர் சொன்னதை நான் உடனே ஏற்றுக்கொண்டேன். உண்மையான காரணம் அந்தத் தூக்கம்.

மழைக்காலத்தில் ஒருநாள் ஆபீஸில் இருந்தபோது தங்கச்சி போன் பண்ணினாள். தோட்டத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டிருந்தது. கேரட் பிடுங்கியாகிவிட்டது. தோட்டத்துப் பாதையில் மண் சரிந்து, பிக்கப் வண்டி இறங்க முடியாமல் ரோட்டிலேயே நிற்கிறது. மூட்டைகள் மழையில் கிடக்கின்றன. ஜீப் ஓட்டத் தெரிந்த ஆட்கள் யாரும் சிக்கவில்லை. அப்பாவுக்குக் கண் பார்வை போதாது.

"அக்கா, நீ வந்து ஓட்டறயா?"

லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அவள் கை முறிந்ததில் வருத்தம் இருந்தது. அவளுக்கு என்னைக் கூப்பிட வேண்டி வந்ததில் கொஞ்சம் தித்திப்பும் இருந்தது.

ஜீப்பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது முதலில் தெரிந்தது, எல்லாம் கனம் என்பது. கிளட்ச்சை மிதிக்க இடுப்பிலிருந்து பலம் வேண்டியிருந்தது. ஸ்டியரிங் உரலைப் போல அசைந்தது. இரண்டு முறை என்ஜினை அணையவிட்டேன். பின்னால் கேரட் மூட்டைகளுக்கு நடுவில் தங்கச்சி மாவுக்கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முன்னால் என் பக்கத்தில் அப்பா.

"குட்டி லீவரைப் பின்னால இழு. இன்னும். ஆங். இப்ப கிளட்ச்சை மெல்ல உடு."

வண்டி ஆமை மாதிரி நகர்ந்தது. சரிந்த மண்ணுக்குப் பக்கத்தில் பின் சக்கரம் வழுக்கி, வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்தது. என் கால் பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கைத் தொடாத!" அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "அது கூட மல்லுக்கட்டாத கண்ணு. கொஞ்சம் அது போற பக்கம் உட்டுத் திருப்பு. என்ஜின் புடிச்சுக்கும்."

விட்டுத் திருப்பினேன். நான்கு சக்கரமும் ஒருசேரக் கடித்துப் பிடித்ததை முதுகில் உணர்ந்தேன். மேலே ரோட்டில் ஏறி நின்றபோது என் ரவிக்கை நனைந்திருந்தது, மழையா வேர்வையா தெரியவில்லை. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பாப்பா முறுக்குவா. நீ நெதானமா ஓட்டற" என்றார்.

அது பாராட்டுதானா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் உடனே நான் செய்தது, கண்ணாடியில் தங்கச்சியின் முகத்தைத் தேடியதுதான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை இறுக்கியிருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். மாதக்கணக்காக என் முகம் அப்படித்தான் இருந்தது.

அன்று இருட்டும் முன் எல்லா மூட்டையும் ஏற்றிவிட்டோம். அப்பா பிக்கப் டிரைவரோடு பேசப் போனார். தங்கச்சி என் பக்கத்தில் வந்து நின்று, இடது கையால் எனக்கு டீ டம்ளரை நீட்டினாள்.

"எனக்கு ஒருநாளும் இப்படிச் சொல்லித் தந்ததில்லக்கா. நான் பாரஸ்ட் டிரைவர் ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டுத்தான் வண்டியே எடுத்தேன்."

நான் டீயை ஊதினேன்.

"நீ அந்த எஸ்டேட் ஜீப்புல முன்னால உக்காந்து போனதை எத்தன தடவ சொல்லியிருப்பே? கண்ணாடிய மடக்கிட்டுப் போனது, யானை பாத்தது. எனக்கு விவரம் தெரியறப்ப அந்த ஜீப்பை வித்துட்டாங்க, அப்பாவை லாரிக்குப் போட்டுட்டாங்க. நான் அவரு பக்கத்துல ஒக்காந்து போனதே இல்ல. நீ சொல்றப்பெல்லாம் எனக்கு எரியும். வண்டி பாக்கப் போனப்ப நாலு விதமா இருந்துச்சு. நீ சொன்ன மாதிரி எஸ்டேட் ஜீப்பாத்தான் எடுக்கணும்னு இதை எடுத்தேன்."

அவள் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள் என்பதை நான் நினைத்ததே இல்லை. "கை வலிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். "வலிக்குது" என்றாள். அவளுக்கு ஒரு கையால் பின்ன முடியாமல் கிடந்த ஜடையை, ஜீப்பின் பானெட்டில் சாய்ந்துகொண்டே நான் பின்னிவிட்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்க லீவு போட்டும், சனி ஞாயிறிலும் சோலூர் போய் ஜீப் ஓட்டினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திட்டினார், சொல்லித் தந்தார், ஒருமுறை நான் கல்லில் ஏற்றியதற்குக் கெட்ட வார்த்தையே சொன்னார். எனக்கு அது எதுவுமே உறைக்கவில்லை. எலும்பு சேர இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று டாக்டர் சொன்ன அன்று, ஐயோ என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் நான் சந்தோஷப்பட்டேன்.

கட்டுப் பிரித்தபிறகு வண்டி அவளுடையதாகிவிட்டது, அதுதான் நியாயம். அப்பா சோலூரிலேயே இருக்கிறார். இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. சனிக்கிழமை ஊட்டி மார்க்கெட்டுக்கு நான் ஓட்டுவேன், அவள் பின்னால் உட்காருவாள். மற்ற நாளெல்லாம் அவள். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. போன சனிக்கிழமை மார்க்கெட் வாசலில் நிறுத்தினபோது, "கியர் மாத்தறப்ப சத்தம் வருது பாருங்கப்பா, அக்கா கிளட்ச்சை முழுசா அமுக்கறதே இல்ல" என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள். "உன் கிளட்ச் தேஞ்சிருக்குது, அதான்" என்றேன் நான். அப்பா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு இறங்கி, டீக்கடையில் தனக்கு மட்டும் ஒரு டீ சொன்னார்.