கூவாத பெட்டி

அம்மா செத்த மறுவாரம். மாமா போனில் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்குக் கடைசியில கை தவறிடுச்சுங்க. மதர்போர்டு போச்சு."

மாமா அம்மாவின் தம்பி. கடை அவருடையது. கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, அங்கே விற்ற கம்ப்யூட்டர்களை எல்லாம் பொருத்தியவள் அம்மா. வளையலைக் கழற்றி ஸ்க்ரூ டப்பாவில் போட்டுவிட்டுத்தான் போர்டைத் தொடுவாள். வீட்டுக்கு வரும்போது வளையலோடு நாலு ஸ்க்ரூவும் வரும். வயர்களைக் கறுப்பு நூலால்தான் கட்டுவாள். பிளாஸ்டிக் பட்டை ஆகாது. "அதை வெட்டுறேன்னு வயரையும் வெட்டுவான் மடையன்." ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் குட்டி ஸ்பீக்கர் ஒன்று மாட்டுவாள். எல்லாம் சரியாக இருந்தால் அது ஒரு தடவை பீப் என்னும். "கூவிடுச்சு" என்பாள். கூவாத பெட்டிக்கு அவள் மூடி போட்டதில்லை.

அதனால்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. கடை மேஜைமேல் இருந்த அந்த வாடிக்கையாளரின் பெட்டிக்கு மூடி போட்டிருந்தது.

"மாமா, இதை யார் திறந்தது?"

"யாரும் தொடலம்மா. அக்கா வெச்சது வெச்சபடி இருக்கு."

ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரை இருட்டு. போர்டின் ஓரத்தில், ப்ராசஸரில் கோளாறு என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினேன். எல்லா வயரிலும் கறுப்பு நூல். ப்ராசஸர் விசிறியின் வயரில் மட்டும் பிளாஸ்டிக் பட்டை.

"இது அம்மா கட்டுனதா?"

மாமா கண்ணாடியைத் துடைத்தார்.

"வாடிக்கையாளர் புது மாடல் ப்ராசஸர் கேட்டாரு. மாத்தினேன். அதுல என்ன இருக்கு?"

"மாத்தினீங்க. போர்டுல இருக்கிற பயாஸ், அதான் பெட்டியை எழுப்புற ப்ரோக்ராம், பழசு. அதுக்கு இந்த ப்ராசஸர் யாருன்னே தெரியாது."

"அப்போ போர்டு போகலையா?"

"உங்களுக்குப் புத்திதான் போச்சு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். செத்தவள் எழுந்து வந்து கேட்கமாட்டாள் என்ற தைரியம்.

போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புது பயாஸை இறக்கினேன். அவர்கள் சொன்ன பெயரை ஃபைலுக்கு வைத்து, பென் டிரைவில் போட்டு, பின்பக்கம் அதற்கென்று இருக்கும் துளையில் செருகினேன். பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

"எவ்வளவு நேரம் ஆகும்மா? ஒருதரம் ஆஃப் பண்ணிப் போட்டா..."

"கரண்ட்ல கை வெச்சீங்கன்னா போர்டு நிஜமாவே போயிடும். தள்ளி நில்லுங்க."

நின்றார். சிமிட்டல் அடங்கியது. பெட்டியை மறுபடி போட்டேன். திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. அம்மா இந்த நேரத்தில் பெட்டியைத் திட்டுவாள்.

பீப்.

"கூவிடுச்சு!" என்றார் மாமா, பழக்கத்தில்.

"அந்த வார்த்தை உங்க வாயில வர வேணாம். போனை எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

வாடிக்கையாளர் எடுத்தார். மாமா தொண்டையைக் கனைத்தார். "சார், பெட்டி சரியாயிடுச்சு. சின்ன சாஃப்ட்வேர் கோளாறு."

நான் கையை நீட்டிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தேன். விசிறி நின்றது. மாமா என்னைப் பார்த்தார்.

"கோளாறு இல்ல சார்," என்றார். "அக்கா சரியாத்தான் பண்ணியிருந்தா. கெடுத்தது நான்."

"அதானே பார்த்தேன்," என்றது போன். "அந்தம்மா கை தவறாதே."

கத்தரியை எடுத்து பிளாஸ்டிக் பட்டையை வெட்டினேன். வயரை வெட்டவில்லை.