பயந்துகொண்டே இருந்த புரோகிராம்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டேன். கவலைப்படுவதை மட்டும் விட முடியவில்லை. அதில் பாதியைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டலாம் என்று, சுருளிப்பட்டியில் அக்கா வீட்டுக்காரரின் திராட்சைப் பந்தலில் ஈரப்பதம் அளக்கும் கருவியை மாட்டினேன். கம்பத்தில் என் செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தே ஒரு புரோகிராமும் எழுதினேன்.

அதில் உண்மையில் உழைப்பது, முகம் தெரியாத சிலர் இணையத்தில் இலவசமாக எழுதி வைத்திருக்கும் ஒரு லைப்ரரி, யாரும் எடுத்துத் தன் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளலாம். நேற்று ஈரப்பதம் ஏறி இறங்கிய வரைகோட்டைக் கொடுத்தால், அதே வடிவம் முன்பு எப்போது வந்தது என்று பழைய பதிவுகளில் தேடித் தரும். அப்போது கொடியில் சாம்பல் நோய் விழுந்திருந்தால் என் போனில் மணி அடிக்கும். ஒழுங்காகத்தான் இருந்தது. லைப்ரரியின் புதிய பதிப்பைப் போட்டேன், தினமும் அடிக்க ஆரம்பித்தது.

குலை வெட்டுக்கு முந்தைய நாள் மச்சான் மருந்துத் தெளிப்பானோடு கடைக்கே வந்துவிட்டார். மருந்து அடித்தால் பழத்தில் வெள்ளை படியும், வியாபாரி வாங்கமாட்டார். அடிக்காமல் நோய் விழுந்தால் குலையே மிஞ்சாது.

“ஏலே மாப்ள, அடிக்கவா வேணாமா? நாளைக்குக் கேரளா யாவாரி வாராக.”

“எங்கயோ கோளாறு மச்சான். சாயங்காலம் வரைக்கும் பொறுங்க.”

“கோளாறு என்னத்த? நீ செஞ்சது உன்ன மாதிரிதான இருக்கும்!”

முதலில் கருவியைச் சந்தேகப்பட்டேன். பிறகு என்னை, அது எனக்குக் கைவந்த கலை. லைப்ரரியைச் சந்தேகப்படத்தான் தைரியம் வரவில்லை, எழுதியவர்கள் பெரிய படிப்பாளிகள். வேறு வழியில்லாமல் பழைய பதிப்பைப் போட்டேன். மணி வாயே திறக்கவில்லை. பழையதற்கும் புதியதற்கும் நடுவில் ஒரு பதிப்பை எடுத்து ஓட்டினேன், அதுவும் அடித்தது. அதற்கும் பழையதற்கும் நடுவில் இன்னொன்று. இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனதில், ஒரே ஒரு திருத்தத்தில் வந்து நின்றது.

தேடுவதற்கு முன் லைப்ரரி எல்லாக் கோடுகளையும் ஒரே உயரத்துக்கு இழுத்துக்கொள்ளும். கோடு தட்டையாக இருந்தால் இழுக்காதே என்று ஒரு வரி இருந்தது. வேகம் கூட்டுகிறேன் என்று யாரோ அதை எடுத்துவிட்டார். கருவியின் சின்ன நடுக்கம்கூட மேகமலை உயரத்துக்கு எழும்பி, நோய் வந்த நாளின் மேட்டைப் போலவே தெரிந்திருக்கிறது. ஒன்றுமில்லாததை மலையாக்குவது எப்படி என்று எனக்குத் தெரியாதா? எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

அரைகுறை இங்கிலீஷில் லைப்ரரிக்காரர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டு, சாயங்காலம் சுருளிப்பட்டிக்குப் போனேன்.

“மருந்து வேணாம் மச்சான். பயப்பட ஒண்ணுமில்ல.”

மச்சானுக்கு முகம் வெளிறிவிட்டது. “என்ன சொன்ன?”

“பயப்பட ஒண்ணுமில்லன்னேன்.”

அடுப்படியிலிருந்து அக்கா ஓடிவந்தாள். “ஆத்தாடி! இவன் வாயில இப்பிடி ஒரு சொல்லு வந்ததே இல்லயே. என்னமோ மறைக்கிறான்ங்க!”

மூன்று பேரும் பந்தலுக்குள் இறங்கி வரிசை வரிசையாக இலையைப் புரட்டினோம். எல்லாம் சுத்தம். கடைசிக் கொடியையும் பார்த்த பிறகுதான் மச்சான் தோளிலிருந்து தெளிப்பானை இறக்கினார்.

காலையில் வியாபாரி ஒரு பழத்தைக் கட்டைவிரலால் துடைத்து வாயில் போட்டு, “கொள்ளாம்” என்று மலையாளத்தில் மெச்சினார். பெட்டிகள் வண்டியேறின. மச்சான் சிரித்தார், அக்கா சிரித்தாள். வண்டி குமுளி மலை ஏறி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளுமோ என்று நான் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றேன்.