குதிரைக்குப் போட்ட கூடாரம்

ஆறு வருடமாக நான் வோன்மொபிலில் வாழ்கிறேன். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள பழைய வண்டி. கூட ஒரு நாய், ஒரு பூனை. ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் நாய் வேண்டாம் என்றார். நான் வீடு வேண்டாம் என்று புறப்பட்டேன். அன்றிலிருந்து ஊர் ஊராகப் போய், காம்பிங் தளங்களில் புல் வெட்டி, குளியலறை கழுவிப் பிழைக்கிறேன்.

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "ரோட்டிலை இருக்கிறான்". சொல்பவர்கள், விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் அறைக்கு விலையான சோபா வாங்கிப் போட்டுவிட்டு, தாங்கள் குசினிக்குள் அடுப்புப் பக்கத்து மர வாங்கில் இருந்து சாப்பிடுகிறவர்கள்.

என் தங்கையும் அப்படித்தான். அவளுடைய மகள் பெரியவளானதற்கு ஒரு யூலைச் சனிக்கிழமை சாமத்திய வீடு வைத்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். நான் பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்க்காமல் சடங்கு தொடங்காது. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். வண்டியைக் கூப்பிடவில்லை.

"கோவிக்காதேங்கோ அண்ணை," என்றாள் தொலைபேசியில். "வண்டியை அங்காலை சுப்பர்மார்க்கெட்டடியிலை விட்டிட்டு நடந்து வாங்கோ. மண்டப வாசலிலை நிண்டால் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

நான் ஓம் என்றேன். வேறு எதைச் சொல்லவும் எனக்கு நேரம் எடுக்கும். அதற்குள் மற்றவர்கள் தொலைபேசியை வைத்துவிடுவார்கள்.

காலை ஒன்பது மணிக்கு ஒரு மரத்தின் நிழலில் வண்டியை நிறுத்தினேன். கூரை யன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் வைத்தேன். நாய்க்குப் பதின்மூன்று வயது. மூச்சு கொஞ்சம் கட்டை. பத்து மணிக்குச் சடங்கு, பதினொன்றுக்குத் திரும்பிவிடலாம் என்பது என் எண்ணம்.

பத்து மணிக்கு மருமகள் மண்டபத்திலேயே இல்லை. அவள் வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் வந்து இறங்க வேண்டுமாம். வந்து இறங்கினாள். மேலே பறந்த கமராவில் தங்கையின் கணவரான மச்சானின் தலை விழவில்லை என்று திரும்ப ஏற்றி, திரும்ப இறக்கினார்கள். மூன்றாம் தரம் வீடியோக்காரனுக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை. பிள்ளையின் முகத்தில் பூச்சு உருகி ஓடியது. நான் பட்டு வேட்டியோடும் தலைப்பாகையோடும் வாசலில் தட்டேந்தி நின்றேன். மண்டபத்தின் நிழல் சுருங்கச் சுருங்க, அந்த மரத்தின் நிழலும் இப்போது எங்கே போயிருக்கும் என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணியளவில் குதிரைக்காரி வந்தாள். அவள் ஒரு ஜெர்மன்காரி. குரலை உயர்த்தவில்லை. என் குதிரை இதற்கு மேல் வெயிலில் நிற்காது என்றாள், அவ்வளவுதான். மச்சான் ஓடினார். ஐஸ்கிறீம் கொடுக்க அடித்திருந்த கூடாரத்தை நாலு பேர் தூக்கி வந்து குதிரையின் தலைக்கு மேல் நட்டார்கள். ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டு வந்தார். ஒருவர் சிரித்துக்கொண்டு குதிரைக்கு விசிறினார்.

அரைநாள் வாடகைக்கு வந்த குதிரை அது. நான் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு நடந்தேன். பிறகு ஓடினேன்.

வண்டி முழு வெயிலில் நின்றது. பற்றரி இறங்கி மின்விசிறி நின்றுபோயிருந்தது. பூனை குளிக்கும் இடத்தின் குளிர்ந்த தரையில் படுத்துக் கிடந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நாய் தரையில் கிடந்தது. பெயரைச் சொன்னேன், கண் திரும்பவில்லை. தூக்கிப் போய்ப் பின்பக்கத்துப் புல்லில் கிடத்தி, ஈரத் துவாயால் வயிற்றையும் பாதங்களையும் நனைத்தேன். அப்போது தங்கை அழைத்தாள்.

"எங்கை நிக்கிறியள் அண்ணை? ஐயர் பார்த்துக்கொண்டு நிக்கிறார்."

நாய் சாகப்போகுது என்றேன்.

"நாய்தானே. நிழலிலை விட்டிட்டு வாங்கோ. அரை மணித்தியாலம்தானே."

"ஏலாது," என்றேன்.

அதை நான் உரத்துச் சொல்லவில்லை. நான் அழைப்பை நிறுத்திவிட்டு, மிருக வைத்தியரிடம் ஓட்டினேன். வேட்டியோடு போன என்னை அங்கே யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பொழுது சாயும்போது நாய் தலையைத் தூக்கியது.

இரண்டு மாதம் கழித்து வீடியோ வந்தது. தண்ணீர் வார்க்கும் இடத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது, முழங்கைக்கு மேல் ஆள் இல்லை. மச்சானின் நண்பர் ஒருவருடைய கை. மூன்று விரல்களில் மோதிரம். "வீடியோக்காரர் வடிவா வெட்டி எடுத்திருக்கிறார், ஒருத்தருக்கும் விளங்காது அண்ணை," என்று தங்கை எழுதியிருந்தாள். மண்டபம் நிறைந்த சனம் நேரில் பார்த்ததைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

நாய் பிழைத்தது. சிறுநீரகம் பிழைக்கவில்லை. தினமும் காலையில் வாயைத் திறந்து மாத்திரையை உள்ளே வைக்கிறேன். அது என்னை நம்பி விழுங்குகிறது. குதிரைக்காரி சொன்ன அந்த ஒரு வசனத்தை நான் பத்தரை மணிக்கே சொல்லியிருக்கலாம். அவளுக்கு அவர்கள் அந்நிய சனம், சொல்லிவிட்டாள். எனக்குச் சொந்தத் தங்கை.