ஆடி மாதத்துச் சுண்ணாம்பு

எங்கள் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் சுண்ணாம்பு அடிப்பார்கள், அதுவும் கிறிஸ்துமஸுக்கு. அந்த ஒரு வருஷம் மட்டும் அம்மா ஆடி மாதத்திலேயே அடித்துவிட்டாள். அதற்காக நான் அவளோடு பல நாள் பேசவில்லை.

ஒகேனக்கல்லில் படம் பிடிக்க வந்தவர்கள் கதைக்குத் தோதாக ஒரு கிராமத்து வீடு தேடியிருக்கிறார்கள். ஒகேனக்கல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மாமாவுக்கு மெட்ராஸ்காரர்களைக் கண்டால் வாயெல்லாம் பல். அவர்தான் அவர்களை நல்லம்பள்ளிப் பக்கமிருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

டைரக்டர் வாசலில் நின்றபடியே வீட்டைக் கண்ணால் அளந்தார். காரை பெயர்ந்த சுவர், விளக்கு மாடத்துக்கு மேலே படிந்த புகை, அதற்குக் கீழே நான் அடுப்புக்கரியால் வரைந்த கோழிகள். "செட்டு போட்டாலும் இப்படி வராதே!" என்றார். என் கோழிகள் சினிமாவுக்குப் போவது அந்த நிமிஷமே எனக்கு உறுதியாகிவிட்டது.

மோர் கொண்டுவந்த அம்மா கேட்டது ஒன்றுதான்.

"கதையில இது யாரு வூடுங்க?"

"ஒரு குடிகாரன் வீடும்மா. அவன் பொண்டாட்டி, புள்ளைங்கள விட்டுட்டு ஓடிப்போயிட்டா. வசனமே வேணாம், இந்தச் சுவரைக் காட்டினாலே ஜனங்களுக்குப் புரிஞ்சிடும்."

அம்மா தலையை ஆட்டிவிட்டு, காலி டம்ளர்களோடு உள்ளே போனாள். நான் மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் வண்டி வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்து, கீழே செம்மண் பட்டை இழுத்திருந்தாள் அம்மா. கோழி ஒன்றுகூட மிஞ்சவில்லை. டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏக்கா, உன்ன யாரு வெள்ளையடிக்கச் சொன்னது?" என்று மாமா குதித்தார்.

"விருந்தாளிங்க வர்றாங்களே, வூடு நல்லா இருக்கட்டுமேன்னுதான்..." என்றாள் அம்மா, பச்சைப்பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டில் நடிப்பு என்று ஒன்று நடந்தது அன்றைக்குத்தான். எனக்கோ, சினிமா என்றால் என்னவென்று தெரியாத அம்மா வாய்த்துவிட்டாளே என்று அழுகை வந்தது.

அதிர்ஷ்டம் ஏரிக்கு அந்தப் பக்கமிருந்த சித்தி வீட்டுக்குப் போயிற்று. அவள் வீட்டுச் சுவரும் மழையில் கரைந்து கிடந்ததுதான். "கதை என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுக்க கண்ணு" என்று சொல்லப் போன அம்மா, பொறாமைக்காரி என்ற பெயரோடு திரும்பி வந்தாள்.

படம் எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. சித்தி புதுச்சேலை கட்டிக்கொண்டு, எங்கள் எல்லாரையும் தானே கூட்டிப்போனாள். மணலில் அவளை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். வீடு திரையில் வந்ததும் "எங்க சித்தி வூடு!" என்று நான் கத்தினேன். டைரக்டர் சொன்னது சரிதான், வசனமே இல்லை. காமிரா சுவரைத் தடவிக்கொண்டு போக, கொட்டகை முழுக்க 'த்சொ த்சொ' என்றது.

"பொம்பள சரியில்லாத வூடு. பாத்தாலே தெரியுதே" என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

சித்தி முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அம்மாவும் பின்னாலேயே போனாள். எட்டிப் பார்த்தேன். முறுக்குக் கடைக்கு அப்பால், அம்மா சித்தியின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

புழுக்கம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறமும் அந்த வீடு அடிக்கடி வந்தது. பாவம், சித்தியால் பார்க்க முடியவில்லையே என்று ஒவ்வொரு முறையும் கண்கொட்டாமல் பார்த்துவைத்தேன், திரும்பிப் போகும்போது ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்வதற்காக.