காபி மெஷினின் நெற்றி

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்று கடலூர் ஆபீஸுக்குப் போனால், காபி மெஷின் ஆன் ஆகவில்லை.

அதே பிளக் பாயிண்டில் என் போன் சார்ஜ் ஏறியது. தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி மாட்டினோம். விளக்கு எரியவில்லை. சிதம்பரத்திலிருந்து மெக்கானிக் வர மதியம் ஆகுமாம்.

மேனேஜர், ஆபீஸைச் சுத்தம் செய்யும் கலா அக்காவிடம் திரும்பினார்.

"ஈரத் துணி போட்டுத் தொடச்சியா?"

"காஞ்ச துணிதான் சார். பூஜைக்கு வச்ச பொட்ட மட்டும் தொடச்சேன்."

"இனிமே மெஷின் பக்கமே வராத."

அக்கா முகம் சுருங்கிப்போனது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூஜையன்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தது நான். காபி மெஷினுக்கு நெற்றி எது என்று யோசித்து, வட்டமாக இருந்த பவர் பட்டனைத் தேர்ந்தெடுத்ததும் நான்.

கலா அக்காவிடம் ஓர் ஊக்கு கேட்டேன்.

அதை வைத்துப் பட்டனின் இடுக்கைச் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. அழுத்தினேன். விளக்கு எரிந்தது.

"சார், அக்கா மேல தப்பு இல்ல. அது நான் வச்ச பொட்டு."

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். முதல் கப்பைக் கலா அக்கா எடுத்துக்கொண்டார்.

"படிச்ச புள்ளன்னு சந்தனக் கிண்ணத்த உன் கையில குடுத்தேன் பாரு. அடுத்த வருஷம் பொட்டு நான் வெக்கிறேன். நீ மணி ஆட்டு, போதும்."

பதவி இறக்கத்தை ஏற்றுக்கொண்டேன். உங்கள் ஆபீஸில் பக்தி எதைப் படுக்கவைத்தது?