ஊரார் போட்டோக்களில் எழுந்த கோபுரமும் கடையும்

ஊரார் எடுத்து இணையத்தில் போட்ட போட்டோக்களைத் திரட்டி, அந்த இடத்தையே கம்ப்யூட்டருக்குள் எழுப்பி நிறுத்துவது என் தொழில். போனில் படங்கள் நிரம்பி வழிய, எதை அழிப்பது என்று திணறும் சக பாவிகளே, உங்கள் படங்கள் செய்ததைக் கேளுங்கள்.

பின்பக்கம்

முதல் வேலை ஸ்ரீரங்கத்தில் ஒரு கோபுரம். பல படங்களில் ஒரே மாதிரி தெரியும் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் கோக்கக் கோக்க, திரையில் கோபுரம் நிலை நிலையாக எழுந்தது. எனக்குப் புல்லரித்தது. பார்க்க வந்திருந்த சித்திரை வீதி ரங்கராஜன் மாமா கைகூப்பினார். மெல்லத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் பெரிய ஓட்டை.

"எல்லாரும் எதிர்ல நின்னு சேவிச்சுட்டுப் போயிட்டா. பின்னாடி ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கலை போலிருக்கே!"

குடை

அந்தப் படங்களில் சிரித்துக்கொண்டு நின்றவர்கள் யாரும் எங்கள் கோபுரத்தடியில் இல்லை. படத்துக்குப் படம் நகர்ந்துபோவதைக் கம்ப்யூட்டர் விட்டுவிடும். ஆனால் வாசலோரம் ஒரு குடை, ஒரு பூக்கூடை, பக்கத்தில் மங்கலாக ஓர் உருவம்.

நேரில் போய்ப் பார்த்தேன். பூ விற்கும் செல்வி அக்கா. வருஷக்கணக்காக அதே இடம். யார் யாரோ, எப்போதெப்போதோ எடுத்த படங்களின் ஓரத்திலெல்லாம் அவர் உட்கார்ந்திருக்கிறார். லேப்டாப்பைக் காட்டியதும் பூத்தொடுத்த கை நின்றது.

"இவ்வளவு கூட்டம் வந்துச்சு, ஒருத்தரையும் காணோம். நான் மட்டுமா தம்பி இருக்கேன்?"

கடை

சிக்கந்தர் பாய் குவைத்தில் டிரைவர். அவர் அங்கே இருந்தபோதே அவருடைய அத்தா, அவரைப் பெற்ற தகப்பனார், மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது. மலைக்கோட்டை அடிவாரத்தில் அத்தா வைத்திருந்த அத்தர் கடையும் இடிபட்டுப் போனது. வீட்டில் கடையின் போட்டோ ஒன்றுகூட இல்லை. லீவில் வந்தவர், "ஒரு தடவை பார்க்கணும் தம்பி, முடியுமா?" என்றார்.

மலைக்கோட்டையை எடுத்தவர்களின் படங்களைத் துழாவினோம். கீழ் மூலைகளில் கடை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் கதவு, ஒன்றில் பச்சைப் போர்டு, ஒன்றில் பாதிப் படி. யாருமே எடுக்க நினைக்காத கடை, அவ்வளவு பேரின் தயவில் முழுசாக எழுந்து நின்றது.

அந்த இடத்திலேயே நிற்பதுபோல் காட்டும் முப்பரிமாணக் கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டேன். எங்கள் வெறும் அறையில் நடந்தவர், ஓரிடத்தில் சட்டென்று தலையைக் குனிந்தார். அறையில் இடிக்க ஒன்றுமில்லை. கடை வாசல்தான் தாழ்வு. "உள்ளே யாரும் படம் எடுக்கலை பாய், அதான் ஒரே இருட்டு" என்றேன், தயங்கியபடி.

"இருக்கட்டும் தம்பி. பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுகைக்கு பாங்கு சொல்றதுக்கு முன்னாடி அத்தா லைட் போடமாட்டாங்க."

இப்போதெல்லாம் எங்கே போனாலும் நான் தெருமூலைகளையே எடுத்துத் தள்ளுவதால், எங்கள் குடும்ப ஆல்பத்தில் ஊரே இருக்கிறது, குடும்பத்தைத்தான் காணோம்.